பெட்டிக்குள் ஒரு பாலை

பாலைத் திணையை மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருவது எனக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுத் தொழில். ஆயினும் பாலையைக் கண்ணாற் கண்டவன் அல்லேன் யான். குறிஞ்சி என்றால் மலைநாட்டைக் காட்டலாம். முல்லைக்கு வன்னிக் காடு இருக்கிறது. மருதத்துக்கு வயல், நெய்தலுக்கு வீட்டுப் படலையைத் திறந்தாற் போதும். பாலைக்கு எங்கே போவது? வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டு மணற்குன்றுகளுக்கு ஒருமுறை மாணவரை அழைத்துச் சென்று, "இதனைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள், சவுக்கு மரங்களையும் கடலையும் கழித்துவிடுங்கள், பாலை வந்துவிடும்" என்றேன். குறும்புக்காரன் ஒருவன், "எல்லாத்தையும் கழிச்சால் மிஞ்சுறது நாங்கள்தானே ஐயா?" என்றான்.

அவன் குறும்பாகச் சொன்னதிலும் இலக்கணம் இருந்தது. தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுத்தாரல்லர். நடுவுநிலைத் திணை என்று சொல்லிப் பொழுதை மாத்திரம் வகுத்தார். இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையாலே தம் தன்மை திரிந்தபோது பாலை தோன்றும் என்னும் கருத்தினர். நிலமில்லாத திணையாகையால் காணாமலே படிப்பிக்கலாம் என்று யானும் ஆறுதல் கொண்டிருந்தேன்.

அந்த ஆறுதல் 2023ஆம் ஆண்டிலே, சிட்னி நகரத்து வீடொன்றிலே கெட்டது. 120 சென்ரிமீற்றர் நீளமும், 60 சென்ரிமீற்றர் அகலமும், அதே அளவு உயரமும் உடைய ஒரு மரப்பெட்டியினுள்ளே பாலை ஒன்றை உண்டாக்குவதற்கு யானும் கைகொடுக்க நேர்ந்தது.

என் தமையனாரின் மகள், எனக்குப் பெறாமகள், சிட்னியின் மேற்குப் புறத்திலே குடும்பத்தோடு வசிக்கிறாள். நீண்ட விடுமுறை ஒன்று பெற்று வைகாசி மாதக் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். நமக்குச் சோளகம் வீசும் அக்காலம் அவர்களுக்குக் குளிர் காலத்தின் வாயில். வீட்டிலே அவளும், மருமகனும், பன்னிரண்டு வயதுப் பேரனும் இருந்தனர். நாலாவதாக இன்னொரு சீவனும் இருந்தது.

"சித்தப்பா, உங்கட அறைக்குப் பக்கத்திலை ஒரு ஓணான் இருக்கு. பயந்துபோகாதேங்கோ," என்றாள் பெறாமகள்.

ஓணானுக்குப் பயந்தவன் அல்லேன். ஓணான்கள்தாம் ஒரு காலத்தில் எனக்குப் பயந்தன. ஈர்க்கின் நுனியிலே சுருக்கிட்டு, வேலிக் கதியாலில் இருக்கும் ஓணானின் கழுத்தில் மாட்டி இழுப்பதிலே, எங்கள் ஒழுங்கையிலே எனக்கு நிகரானவன் இல்லை. பிற்காலத்தில் அதனை நினைத்து நாணியிருக்கிறேன். நாணத்தை மாற்றிக்கொள்ள வழி ஒன்று கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். ஓணான்தான், ஆனால் நம்முடைய வேலி ஓணானுக்குப் பெரியப்பன் மகன் என்று சொல்லலாம். இது வெறும் உபசார வார்த்தை அன்று. உயிரியலார் இரண்டையும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்திலேதான் சேர்த்திருக்கின்றனர். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒன்றரை அடி. தட்டையான உடல், விலாவின் இரு பக்கமும் முள்வரிசை. மோவாயின் கீழும் முள். சினங்கொண்டால் அவ்விடம் பொருமிக் கறுத்துத் தாடியாகத் தோன்றும். அதனால் ஆங்கிலேயர் இதனைப் 'பியேடெட் டிராகன்' என்று அழைக்கின்றனர். 'பொகோனா' என்னும் விஞ்ஞானப் பெயரும் தாடி என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. ஜேர்மனியரான ஆல் என்பவர் இவ்வினத்தை 1926ஆம் ஆண்டிலே விவரித்து எழுதினார். யான் 'தாடி ஓந்தி' என்று பெயரிட்டுக்கொண்டேன். ஓந்தி, ஓதி என்பன பாலைப் பாட்டுக்களிலே வழங்கும் பெயர்கள். அதன் முதுகைப் பன்னரிவாளுக்கு ஒப்பிட்ட குறுந்தொகைப் புலவர் சிட்னிக்கு வந்திருந்தால், உவமையை மாற்றவேண்டிய தேவை அவருக்கு நேர்ந்திராது.

இன்னொரு விசேடமும் உண்டு. தலையின் உச்சியிலே, கடுகளவான ஒரு வெளிறிய செதிலின் கீழே இதற்கு மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது. அது உருவத்தைக் காணாது. ஒளியையும் இருளையும் மாத்திரம் உணரும். மேலே பருந்தின் நிழல் விழுந்தால் அறிவதற்கு அது போதும். நெற்றிக்கண்ணனைப் பாடிய மரபிலே வந்த எனக்கு இச்செய்தி எத்துணை மகிழ்ச்சி தந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

பேரன் அதற்கு ரெக்ஸ் என்று பெயரிட்டிருந்தான். அரசன் என்பது பொருளாம். யான் விடலை என்று அழைத்தேன். பாலை நிலத்துத் தலைவனுக்கு உரிய பெயர்களுள் அது ஒன்று. அரசனும் விடலையுமான அந்தச் சீவன் கண்ணாடித் தொட்டியொன்றின் மூலையிலே கிடந்தது. எழுந்து நடக்க முயன்றபோது முன்னங்கால்கள் நடுங்கின. வயிறு மணலிலே இழுபட்டது.

அத்தொட்டியையும் ஓந்தியையும் சேர்த்து, முன்பு வளர்த்த ஒருவரிடமிருந்து மலிவாக வாங்கியிருந்தனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே இவ்வாறான ஊர்வனவற்றை வளர்ப்பதற்கு அரசின் உரிமம் வேண்டும். காட்டிலே பிடித்து வந்து வளர்ப்பது சட்டத்துக்கு மாறு. உரிமம் மருமகனின் பெயரில் ஒழுங்காக இருந்தது. ஒழுங்கில்லாதது தொட்டிதான். நாலங்குல ஆழத்துக்குத் தளர்ந்த செம்மணல். மேலே ஒரு வெப்பக் குமிழ். நடுவிலே பிளாஸ்ரிக்கினாற் செய்த ஒரு கள்ளி. பாலை என்றால் கள்ளி இருக்கவேண்டும் என்று விற்றவரும் நினைத்தார், வாங்கினவரும் நினைத்தனர், பார்த்த யானும் நினைத்தேன். பின்னர்ப் பேரனின் புத்தகத்திற் படித்தறிந்தேன்: அந்தச் சப்பாத்திக் கள்ளிக்குத் தாயகம் அமெரிக்கா. அவுஸ்திரேலியாவுக்கு வெள்ளையர் கொண்டுவந்த பின்னர் அது குயீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் பெரும் நிலப்பரப்பை விழுங்கிற்று. 1920களிலே ஆர்ஜென்ரீனாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டே அடக்கினர். ஆகவே அத்தொட்டியிலே ஓந்திக்குப் பகையாளியின் சிலையை வைத்துப் பாலை என்று பெயரும் சொல்லியிருந்தோம்.

மிருக வைத்தியரிடம் பேரனோடு யானும் போனேன். அவர் நிறுத்துப் பார்த்தார்: 210 கிராம். ஊடுகதிர்ப் படம் எடுத்துக் காட்டினார். எலும்பு இருக்கவேண்டிய இடத்திலே வெண்மை தெளிவாக இல்லை. பழைய சேலைக் கரைபோல வெளிறிக் கிடந்தது. காரணத்தை அவர் பேரனுக்கு விளங்கப்படுத்த, பேரன் எனக்கு விளங்கப்படுத்தினான். சூரிய ஒளியிலே ஊதாக்கடந்த கதிர்கள் உண்டு. அவற்றுள் 290 நனோமீற்றர் முதல் 315 வரையான அலைநீளம் உடையவை தோலிற் படும்போது, உடம்பு விற்றமின் டி3 ஐ ஆக்கிக்கொள்ளும். அது இல்லையேல் எவ்வளவு கல்சியம் தின்றாலும் குடல் அதனை ஏற்காது. இரத்தத்துக்கு வேண்டிய கல்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். எலும்பு இரப்பர் போல ஆகும்.

"ஆனால் நான் ஒவ்வொரு நாளும் யன்னல் பக்கம் வெயிலிலை வைச்சனானே!" என்றான் பேரன்.

வைத்தான், யானும் கண்டேன். யன்னல் கண்ணாடியும் தொட்டியின் கண்ணாடியும் வெளிச்சத்தை உள்ளே விட்டன, வெப்பத்தை விட்டன, எலும்புக்கு வேண்டிய அந்தக் கதிரை மாத்திரம் வாயிலிலே நிறுத்திவிட்டன. கண்ணுக்கு வெயில், உடம்புக்கு இருள். திரும்பி வரும்போது காரிலே அவன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நான்தான் அதைக் கொண்டுபோட்டன் எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டான். "அது இன்னும் உயிரோடைதானே இருக்குது, தம்பி" என்றேன். வேறு விடை தெரியவில்லை.

வைத்தியர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஓந்தி ஆணன்று, பெண். ஆகவே விடலை என்ற பெயரைக் கைவிட்டு, எயிற்றி என்று அழைக்கலானேன். பேரன் ரெக்ஸ் என்பதை மாற்ற மறுத்துவிட்டான். அவன் பிடிவாதத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது என்று பிற்பாடு அறிந்தேன். இவ்வினத்தின் முட்டைகள் ஏறக்குறைய 32 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலே அடைகிடந்தால், ஆணுக்குரிய நிறமூர்த்தங்களைக் கொண்ட குஞ்சும் பெண்ணாய்ப் பிறக்கலாமாம். காட்டிலும் இவ்வாறு நிகழ்வதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் கண்டு 2015ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். வெம்மை ஆணையும் பெண்ணாக்கும் என்று ஒரு பாலைப் புலவர் பாடியிருந்தால், அதனை உயர்வு நவிற்சி என்று குறித்திருப்பேன்.

மருந்து ஒரு பக்கம். வீடு ஒரு பக்கம். கல்சிய மருந்தை வாயிலே துளியாக விடலாம். வீட்டைக் கட்டவேண்டும். கடையிலே ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டியின் விலையைக் கேட்டு மருமகன் வாயைத் திறந்தவர் மூட நெடுநேரம் ஆயிற்று. நாங்களே செய்வோம் என்று முடிவாயிற்று.

பலகைகளை மரக்கடையிலேயே அளவுக்கு அறுத்துக் கொடுத்தனர். அவற்றைப் பூட்டுவது மருமகனின் வேலை. முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் கதவுகள், ஒன்றன் பின் ஒன்றாக நகர்வன. காற்றோட்டத்துக்கு இரண்டு துவாரங்கள்: குளிர்ந்த முனையிலே அடிப்பக்கமாக ஒன்று, சுடும் முனையிலே மேற்பக்கமாக ஒன்று. சூடான காற்று மேலே போய் வெளியேற, கீழே குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். நம்முடைய பழைய வீடுகளிலே முற்றமும் முகட்டு ஓட்டையும் செய்த வேலைதான் இது.

பாறைகள் என் பங்கு. உண்மைக் கல்லை அடுக்கினால் பெட்டி தூக்க முடியாத பாரமாகும். சரிந்தால் ஓந்தி நசுங்கும். ஆகையால் ரெஜிபோமிலே பாறை செய்யவேண்டும் என்றான் பேரன். மரக்கறிக் கடையிலே புறொக்கொலி வந்த பெட்டிகளைச் சும்மா கொடுத்தனர். அவற்றை உடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கத்தியாற் செதுக்கினோம். வெண்பனி போலத் துகள் பறந்து வீட்டின் மூலை முடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. பெறாமகள் அக்கிழமை எங்களோடு பேசியதெல்லாம் தும்புத்தடியைப் பற்றியே. செதுக்கியதன்மேல், தரையோடுகளின் இடைவெளியை நிரப்பும் சிமெந்துச் சாந்தைப் பூசவேண்டும். முதற் பூச்சு கஞ்சித் தண்ணீர் போல இருக்கவேண்டும். அப்போதுதான் இடுக்கெல்லாம் புகும். இரண்டாவது கூழ். மூன்றாவதும் நாலாவதும் களி. ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுவதும் காயவேண்டும்.

இங்கேதான் என் கை விழித்தது. பாட்டனார் மண்திண்ணை பிடிக்கும்போது பக்கத்தில் நின்று சாந்து குழைத்த கை இது. ஐம்பது ஆண்டுக் காலம் ஏட்டையும் வெண்கட்டியையும் தவிர வேறொன்றையும் பற்றாதது. பேரன் தூரிகையாற் பூசினான்; யான் விரலாற் பூசினேன். தூரிகை பூசிய இடம் சுவர் போல இருந்தது; விரல் பூசிய இடம் பாறை போல இருந்தது. இதிலே எனக்கு வந்த கர்வம் கொஞ்சமன்று. செம்மண் நிறம் வரும்படி சாந்திலே காவிப் பொடி கலந்தோம். அந்நாட்டு உள்நிலம் சிவந்திருப்பது மண்ணிலே கலந்த இரும்புத் துருவினால். முடிவிலே மணமும் நஞ்சும் இல்லாத நீர்ப்பூச்சு ஒன்றைத் தடவி, இரண்டு கிழமை காயவிட்டோம்.

மூன்று படியாகப் பாறை அமைத்திருந்தேன். வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு, மேற்படி வேண்டாம் என்றார். இந்த எலும்போடு அங்கிருந்து விழுந்தால் கால் முறியும். மேற்படியை அறுத்தெடுத்தோம். அதன் அடியிலே என் பெருவிரற் சுவடு ஆழப் பதிந்திருந்தது. எறிய மனமில்லை. பேரன் அதனைக் கடதாசியிற் சுற்றித் தன் அலுமாரியில் வைத்தான்.

நிலத்துக்குத் தளர்ந்த மணல் வேண்டாம் என்று தீர்ந்தது. நோயுற்ற சீவன் இரையோடு மணலையும் விழுங்கும், குடல் அடைபடும். குணமாகும் வரை வெறும் கடதாசி. அதன் பின்னர், மணலோடு களிமண் கலந்து நனைத்து, அடித்து இறுக்கிக் காயவைத்த தரை. பேரன் படங்களைக் காட்டினான். உண்மையில் இவ்வோந்திகள் வாழும் இடம், நாம் படத்திலே காணும் அலையலையான மணற்கடல் மாத்திரம் அன்று. இறுகிய செம்மண், பற்றைக் காடு, விழுந்து கிடக்கும் மரம், ஆட்டுப் பண்ணையின் வேலிக் கட்டை ஆகியவை அதன் உலகம். வேலிக் கட்டையின் உச்சியிலே ஓர் ஓந்தி வெயில் காய்ந்துகொண்டிருந்த படத்தைக் கண்டதும் எனக்கு எங்கள் ஒழுங்கைதான் நினைவுக்கு வந்தது.

இனி வெயில். ஒரு முனையிலே வெப்பக் குமிழ். எட்டித் தொட்டுச் சுட்டுக்கொள்ளாதபடி அதற்குக் கம்பிக் கூடு. அதே பக்கத்திலிருந்து பெட்டியின் பாதி நீளத்துக்கு ஊதாக்கடந்த ஒளி தரும் குழாய் விளக்கு. இதற்கும் ஓந்திக்கும் இடையிலே கண்ணாடியும் கூடாது, பிளாஸ்ரிக்கும் கூடாது. கண்ணுக்கு வெளிச்சம் குறையாமலே, வேண்டிய கதிர் சில மாதங்களிற் குறைந்துபோகும் ஆகையால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றவேண்டும். குழாயைப் பூட்டிய திகதியைப் பேரன் பலகையிலே எழுதி வைத்தான்.

மற்ற முனையிலும் ஒரு வெப்பக் குமிழ் பூட்டவேண்டும் என்று யான் வாதித்தேன். பாலை என்றால் எங்கும் வெம்மை அன்றோ? பாதிப் பெட்டி சுட, பாதிப் பெட்டி குளிர்ந்திருந்தால் அது என்ன பாலை?

"அப்ப சூடு கூடினால் அது எங்கை போறது, தாத்தா?" என்றான்.

நின்றுவிட்டேன். நம்மைப் போல உடம்பிலே வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றல் ஓந்திக்கு இல்லை. சூட்டை வெளியிலிருந்து வாங்கவேண்டும். கூடினால் வெளியிலே விடவேண்டும். வெயிலுக்கு வந்து உடம்பைத் தட்டையாக்கிக் கருநிறங் கொள்ளும், போதியதும் வெளிறும், வாயைத் திறக்கும், பிறகு நிழலுக்குப் போகும். நாள் முழுவதும் அதன் சீவியம் இந்தப் போக்கும் வரவும்தான். வெயில் காயும் பாறை 40 பாகை அளவிலே இருக்கவேண்டும். மற்ற முனை 25 அளவிலே. இடையிலுள்ள நாலடி தூரம் அதற்கு உயிர். பாலைக்கலியிலே, மரநிழல் கிட்டாத வழியில் ஆண்மான் தானே பெண்மானுக்குக் குடையாக நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அதனை முப்பது ஆண்டாக அன்பின் மேன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தேன். அன்புக்கு முன்னே அங்கே நிழலின் விலை சொல்லப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்க்கு ஒருநாளும் சொன்னதில்லை.

பிராணியைக் குடியேற்றுமுன் ஏழு நாள் வெறும் பெட்டிக்கு வெயில் காட்டினோம். பேரன் பள்ளிக் கொப்பி ஒன்றிலே கோடு கிழித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதினான். அவன் பள்ளியிலிருக்கும் நேரம் எழுதும் கடமை எனக்கு. முதல் நாள் பாறையின் மேல் 52 பாகை. குமிழை உயர்த்தினோம், 47. பின்னும் உயர்த்தினோம், 41. ஆடி மாத முற்பகுதியிலே எயிற்றி தன் வீடு புகுந்தாள்.

அவளுக்கு இரையாக வாங்கிய சிள்வண்டுகளுள் சில என் பாறையின் வெடிப்புக்களாற் புகுந்து வெளியேறி, வீட்டு மண்டபத்திலே இராமுழுவதும் கத்தின என்பதையும் சொல்லவேண்டும். பாலைப் பாட்டுக்களிலே காய்ந்த மரத்திலிருந்து ஒலிக்கும் சிள்வீட்டின் ஓசை மெத்தை நாற்காலியின் கீழிருந்து வந்தது. விரலாற் பூசிய பாறையின் பெருமை அன்றோடு சற்றுக் குறைந்தது.

ஒரு கிழமை நன்றாகப் போயிற்று. பின்னர்தான் அந்த இரவு. சிட்னியின் மேற்கிலே ஆடி மாத இரவுக் குளிர் எலும்பை அறுப்பது. இரண்டு கம்பளிப் போர்வையினுள்ளும் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தவன், போகிற வழியிலே பெட்டியைப் பார்த்தேன். விளக்குகள் அணைந்திருந்தன. ஒளியில்லாது சூடு மட்டும் தரும் மட்குமிழ் ஒன்று, வெப்பநிறுத்தியின் ஆட்சியிலே, பெட்டியை 20 பாகைக்குக் கீழே போகாமற் காத்துக்கொண்டிருந்தது. எயிற்றி பாறையின் அடியிலே அசையாது கிடந்தாள். தொட்டேன்; குளிர்ந்திருந்தாள். பாலையிற் பிறந்த சீவன் குளிரிலே விறைக்கிறதே என்று நெஞ்சு பதைத்தது. வெப்பநிறுத்தியைத் திருகி 35க்கு வைத்தேன். காற்று வரும் கீழ்த் துவாரத்தை என் சால்வையால் அடைத்தேன். ஒரு நற்கருமம் செய்த திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

ஆறு மணிக்குப் பேரனின் குரல் கேட்டு எழுந்தேன். பெட்டியினுள்ளே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 38 பாகை. எயிற்றி கண்ணாடிக் கதவின் மூலையிலே முகத்தை அழுத்திக்கொண்டு, வெளிறி, வாயைப் பிளந்தபடி கிடந்தாள். போவதற்கு இடமில்லை, நிழலும் இல்லை, இரவும் இல்லை. இன்னும் நாலைந்து பாகை ஏறியிருந்தால் அவள் பிழைத்திராள். பேரன் கதவைத் திறந்து, சால்வையை உருவி எறிந்து, அவளைக் குளியலறை ஓட்டுத் தரையிலே வைத்து, விரலால் நீர் தொட்டுத் தொட்டு வாயருகே விட்டான். அழுதான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தின் பின் அவள் வாயை மூடினாள். நிறம் மெல்லத் திரும்பிற்று.

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. கொப்பியை என் மேசையிலே வைப்பதையும் நிறுத்திவிட்டான். பெறாமகள் அவனைக் கண்டித்தாள்: "சின்னப் பிள்ளையே நீ? தாத்தா தெரியாமல் செய்ததுக்கு மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரியிறாய்!" வேண்டாம் என்று தடுத்தேன். தெரியாமற் செய்தது உண்மை. ஆனால் கேட்காமற் செய்தேன் என்பதும் உண்மை. இரண்டாவது குமிழைப் பற்றிய வாதத்திலே அவன் சொன்னதை அன்று ஒத்துக்கொண்டவன், இரவிலே அதனை மறந்தேன். மூன்றாம் நாட் காலையில் அவன் பள்ளிக்குப் போகுமுன் வாயிலிலே மறித்து, "தம்பி, நான் செய்தது பிழை" என்றேன். எந்த மாணவனிடத்தும் இவ்வார்த்தையைச் சொன்ன நினைவு எனக்கு இல்லை.

புத்தகப் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றான். பிறகு, "டெசேட்டிலை இரவிலை நல்லாக் குளிரும், தாத்தா. ஓந்திக்கு அந்தக் குளிர் வேணும். நீங்கள் படிப்பிக்கிற பாட்டுகளிலை அது வாறேல்லையோ?" என்றான்.

வருகிறது! பாலைக்கு வேனிலும் நண்பகலும் பொழுது என்று சொன்ன தொல்காப்பியர், பின்பனிக் காலமும் அதற்கு உரியது என்று இன்னொரு சூத்திரமும் செய்தார். பின்பனி மாசியும் பங்குனியும். பகல் வெயிலாய், விடியற்புறம் பனியாய் வரும் காலம். இச்சூத்திரத்துக்கு ஆண்டுதோறும் உரை சொன்னவன் யான். தலைவன் பிரிந்து செல்லுதற்கு ஏற்ற காலம் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். வெம்மைக்கும் பனிக்கும் ஒரே திணையிலே இடம் எப்படி வந்தது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை; கேளாமல் இருக்கும்படி படிப்பித்திருக்கிறேன் போலும். தொல்காப்பியர் நடு அவுஸ்திரேலியாவை ஞானக்கண்ணாற் கண்டு எழுதினார் என்று யான் சொல்ல வரவில்லை; அப்படி எழுதுவோர் நம்மிடையே உளர், அவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. அவர் பிரிவைப் பற்றித்தான் எழுதினார். பின்பனி வைகறையிலே தனியே விழித்துக் கிடந்தவளை நினைத்து எழுதினார். ஆனால் வெயிலை மாத்திரம் வைத்துக்கொண்டு பாலை செய்ய முயன்றவன் யானே, அவரல்லர்.

அன்று மாலை அவன் பள்ளியால் வந்ததும் அச்சூத்திரத்தைச் சொல்லிப் பொருளும் சொன்னேன். கொப்பியின் அட்டையிலே 'பின்பனி' என்று எழுதச் சொன்னான், எழுதிக் கொடுத்தேன். இரவு நேர வெப்பத்தைக் குறிக்கும் நிரலுக்கு அவன் அதனைத் தலைப்பாக இட்டான்.

ஆவணி பிறந்து சில நாட்களில் யான் திரும்பவேண்டியிருந்தது. எயிற்றியின் நடுக்கம் நின்றிருந்தது. நிறை 260 கிராம். வலது முன்னங்கால் மாத்திரம் வளைந்தபடியே உறைந்துவிட்டது; அது இனி நிமிராது என்று வைத்தியர் சொன்னார். பேரன் அக்காலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விமான நிலையத்திலே என்னிடம், "இரவிலை வந்து பாக்கிறதுக்கு இனி ஆள் இல்லை" என்றான். கேலியா அன்பா என்று நிச்சயிக்க முடியவில்லை.

கார்த்திகையிலே ஒரு படம் அனுப்பியிருந்தான். அங்கே அப்போது வேனில். கடதாசி போய், இறுகிய செந்தரை வந்திருந்தது. பாறையின் மூன்றாவது படியை மீண்டும் ஒட்டியிருந்தான், ஆனால் தலைகீழாக. அடியிலிருந்த என் பெருவிரற் சுவடு மேலே வந்திருந்தது. அந்தப் பள்ளத்திலே வளைந்த காலை ஊன்றி, எயிற்றி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். படத்தின் கீழே, தமிழிலே, எழுத்துப் பிழையோடு ஒரு வரி: "பகல் 41, பின்பணி 19."

பிழையைத் திருத்தி எழுதினேன். அடுத்த கிழமையும் 'பின்பணி' என்றே வந்தது.